வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவுக்கு அக்குபங்சர் பார்த்தோம்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் இப்போது கேட்பது இதைத்தான்: "அம்மாவுக்குச் சீன வைத்தியம் பாத்தீங்களாமே, கேட்டுச்சா?" அதனால் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலால் அம்மாவுக்கு இதயத்தில் மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தது. உலோக வால்வு வைத்தார்கள். ஐ.சி.யூ.வில் கண் விழித்ததும் அப்பாவைப் பார்த்து, "மழை வருது, வத்தலை அள்ளுங்க" என்றாள். இதய-நுரையீரல் இயந்திரம் வைத்து ஆபரேஷன் செய்தவர்களுக்கு, அதிலும் வயதானவர்களுக்கு, இப்படிக் குழப்பம் வருவது உண்டு, பெரும்பாலும் தெளிந்துவிடும் என்றார் டாக்டர். தெளிந்தது. அப்புறம்தான் இடது கை சொன்னபடி கேட்கவில்லை என்று தெரிந்தது. ஆபரேஷன் சமயத்தில் ஏதோ ஒரு துணுக்கு மூளை ரத்தக்குழாயில் போய் அடைத்திருக்கிறது என்று ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பிச்சிப்பூ கட்ட உட்கார்ந்தாள். இடது கை விரலிடுக்கில் பூவை இரண்டிரண்டாக அடுக்கிப் பிடிக்க வேண்டும், வலது கை நாரைச் சுற்றி முடிச்சுப் போடும். பூ நழுவிக்கொண்டே இருந்தது. சொல்லும் வரவில்லை. நார் வேண்டுமென்றால், "அதை எடு, அந்த... அதை எடு" என்பாள்.

பினாங்கில் இருக்கிற மச்சான் அங்கே சீன மருந்துக் கடையில் கேட்டு ஒரு பெட்டி மாத்திரை கொடுத்துவிட்டான். மேலே முழுக்கச் சீன எழுத்து, அடியில் பொடியாக 'சால்வியா மில்டியோரைசா'. படம் எடுத்து இதய டாக்டருக்கு அனுப்பினேன். உடனே போன் செய்து, "பிரிக்கவே வேண்டாம்" என்றார்.

காரணம் இதுதான். சால்வியா என்பது டான்ஷென் வேர். பக்கவாதத்துக்குச் சீன வைத்தியம் கொடுக்கும் பல மருந்துகளின் நோக்கமே தேங்கிய ரத்தத்தை ஓட வைப்பது. 19-ஆம் நூற்றாண்டில் சீன வைத்தியர் வாங் சிங்ரென் சொன்ன புகழ்பெற்ற கஷாயத்திலும் டாங்குய் வேர், குசும்பப்பூ, மண்புழு எல்லாம் அதற்காகத்தான் சேருகின்றன. உலோக வால்வு உள்ளவர்களோ ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசு முழுக்க வார்ஃபரின் சாப்பிட வேண்டும். டான்ஷெனும் டாங்குய்யும் அந்த வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டிவிடும். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு ஏறினால் மூளைக்குள்ளேயே ரத்தம் கசியலாம். இயற்கை மருந்துதானே, என்ன செய்யும் என்று யாராவது சொன்னால் எனக்குப் பதறுகிறது.

அக்குபங்சருக்கு மட்டும் டாக்டர் சம்மதித்தார். "நம்ம சித்தா காலேஜ் இங்கயே இருக்கும்போது சீனாக்காரன் ஊசி எதுக்கு?" என்று பெரியம்மா கேட்டாள். அங்கே போனாலும் வார்ஃபரின் சாப்பிடுவதை முதலில் சொல்லியாக வேண்டும், பெரியம்மா.

வண்ணார்பேட்டைப் பக்கம் அக்குபங்சர் ஊசி போடுகிற பெண்மணி முதலில் ஐ.என்.ஆர். சீட்டைத்தான் கேட்டார். அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அம்மாவுக்கு அது 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். ஒருமுறை போட்டுத் தூக்கி எறியும் ஊசிதான், ஆழமாகக் குத்துவதில்லை, எடுத்த இடத்தைக் கூடுதல் நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். காதில் நாள்கணக்கில் ஒட்டி வைக்கும் ஊசி கூடவே கூடாது, அதில் கிருமி ஏறினால் செயற்கை வால்வில் போய் உட்கார்ந்துவிடும். பேஸ்மேக்கர் இருப்பவர்களுக்கு ஊசியில் கரண்ட் கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும் என்றார்.

உச்சந்தலையில் ஒன்று, முழங்காலுக்குக் கீழே ஒன்று, உள்மணிக்கட்டில் ஒன்று. மணிக்கட்டுப் புள்ளிக்குப் பெயர் நெய்குவான். ரேகையிலிருந்து மூன்று விரல் தள்ளி, இரண்டு தசைநாணுக்கு நடுவே இருக்கிறது. முடி போன்ற ஊசி. "வலிக்கலை, கனமா இருக்கு" என்றாள் அம்மா. அந்தக் கனத்தைத்தான் அவர்கள் 'தே சி' என்கிறார்கள், சரியாகப் பிடித்ததற்கு அடையாளமாம்.

சரி, கேட்டுச்சா? தூக்கம் நன்றாக வந்தது, பதற்றம் குறைந்தது. கை தேறியதற்கு முதல் மரியாதை பிசியோதெரபிக்குத்தான், அதை ஒருநாளும் நிறுத்தவில்லை. பக்கவாதத்துக்கு அக்குபங்சர் பற்றிச் சீனாவில் நிறைய ஆய்வுகள் உண்டு. ஆனால் பலவற்றின் தரம் அடித்துச் சொல்லும்படி இல்லை. அதனால் ஊசியை நான் துணை வைத்தியமாகத்தான் பார்க்கிறேன். அம்மா இப்போது பூ கட்டுகிறாள், கொஞ்சம் இடைவெளி விட்டு.

உங்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்தால் ஒன்று. திடீரென்று வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, கை விழுந்தாலோ ஊசிக்குக் கூட்டிப் போகாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு நேரே ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். வார்ஃபரின் சாப்பிடுகிறார் என்பதை வாசலிலேயே சொல்லுங்கள்.