கேபிளைக் கழற்றி ஹைட்ராலிக் கிளட்ச்: ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக் நாட்குறிப்பு

3 ஜூன் 2023, சனி

கிளட்ச் கேபிளுக்கு எண்ணெய் விட்டு, வளைவுகளை நிமிர்த்தி, புதுக் கேபிளும் மாட்டிப் பார்த்தாயிற்று. ஆனாலும் கோவை காந்திபுரம் நெரிசலில் ஊர்ந்து போய் வந்தால் இடது மணிக்கட்டு வலிக்கத்தான் செய்கிறது. கிளட்ச்சைக் கேபிளிலிருந்து, ஆயிலின் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக்குக்கு மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன். மாற்றிய பிறகு "லேசாகிவிட்டது" என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை. எவ்வளவு லேசானது, எதனால் லேசானது என்று தெரிய வேண்டும். அதனால் முதலில் ஸ்பிரிங் தராசை எடுத்தேன்.

லீவரின் அச்சிலிருந்து 140 மி.மீ. தள்ளி, இரண்டு விரல் படும் இடத்தில் இழுத்தால் 5.2 கிலோ காட்டுகிறது. கேபிளை அவிழ்த்துவிட்டு, கிளட்ச் கவரின் மேலுள்ள ஆர்மின் (கேபிள் இழுத்ததும் பிளேட்டுகளை விலக்கும் சிறு நெம்புகோல்) நுனியை நேரடியாக இழுத்தால் 18 கிலோ. பிளேட்டுகள் முழுதாக விலக நுனி 8 மி.மீ. நகர வேண்டியிருக்கிறது. லீவர் அச்சுக்கும் கேபிள் முனைக்கும் இடையே 28 மி.மீ. இருப்பதால் நெம்பு விகிதம் 5. உராய்வே இல்லையென்றால் விரலுக்கு 3.6 கிலோதான் வந்திருக்க வேண்டும். மீதி 1.6 கிலோவைக் கேபிள் தன் உறைக்குள்ளேயே தின்றுவிடுகிறது. ஹைட்ராலிக்கால் கிளட்ச் ஸ்பிரிங்கின் பலத்தைக் குறைக்க முடியாது, இந்த 1.6 கிலோதான் அது கை வைக்கக்கூடிய பகுதி.

7 ஜூன், புதன்

லீவரை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் வந்துவிட்டது: 12.7 மி.மீ. போர் (உள் விட்டம்), பிஸ்டன் ஓட்டம் 10 மி.மீ., லீவர் அச்சிலிருந்து பிஸ்டனைத் தள்ளும் இடம் 25 மி.மீ. கண்ணாடி மாட்டத் துளையும் கிளட்ச் சுவிட்சுக்கு இடமும் இருப்பதைப் பார்த்துத்தான் வாங்கினேன். விலை மலிவு என்று சுவிட்ச் இடமில்லாததை வாங்கினால், பின்னால் வயரிங்கில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

அந்த ஆயிலின் அழுத்தத்தில் ஆர்மை இழுக்கும் ஸ்லேவ் சிலிண்டர்தான் இந்த வேலையின் உயிர்நாடி. எஞ்சினைப் பிரிக்காமல், பழைய கேபிள் வந்து உட்காரும் பிராக்கெட்டிலேயே அதைப் பொருத்தப் போகிறேன். பிடிக்கவில்லையென்றால் அரை மணி நேரத்தில் பழைய கேபிளுக்குத் திரும்பிவிடலாம்.

14 ஜூன், புதன்

வரைபடத்தோடு கணபதியில் உள்ள லேத் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் தாளைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "ராடு இருக்குற பக்கந்தான ஆயில் வருது? ராடோட பரப்பைக் கழிச்சுத்தான் கணக்குப் போட்டீங்களா தம்பி?" கழித்துத்தான் போட்டிருந்தேன். இழுக்கும் வகை ஸ்லேவில் அழுத்தம் வேலை செய்யும் பக்கத்தில், பிஸ்டனை ஆர்மோடு இணைக்கும் ராடும் இருப்பதால், 14 மி.மீ. போரின் 153.9 சதுர மி.மீ. பரப்பில் 5 மி.மீ. ராடுக்கு 19.6 போக, 134.3 மட்டுமே மிஞ்சும். மாஸ்டரின் பரப்பு 126.7. முதல் 1 மி.மீ. ஓட்டம் மாஸ்டரின் ஈடுசெய் துளையை (ஆயில் கிண்ணத்துக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள சிறு துளை) மூடுவதிலேயே போய்விடும் என்று வைத்தால், மீதி 9 மி.மீ. ஓட்டத்துக்கு ராடு ஏறத்தாழ 8.5 மி.மீ. நகரும். தேவை 8. போரை 16 ஆக்கியிருந்தால் லீவர் பஞ்சுபோல் இருந்திருக்கும். ஆனால் கிளட்ச் முழுதாக விலகாமல் நியூட்ரல் தேடித் திண்டாட வேண்டியிருந்திருக்கும்.

பிளேட் தேயத் தேய ஆர்ம் ஸ்லேவை விட்டு விலகும் திசையில் நகரும். அதற்காக ராடுப் பக்கம் 4 மி.மீ. இடம் விடச் சொன்னேன். அந்த இடம் இல்லாவிட்டால் பிஸ்டன் முட்டிக்கொண்டு, தேய்ந்த பிளேட்டுகள் முழுதாகச் சேராமல் வழுக்கத் தொடங்கும்.

ரப்பர் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. டாட் 4 பிரேக் ஆயிலுக்கு ஈபிடிஎம் ரப்பர்தான் சரி. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் நைட்ரைல் ஓ-ரிங் அதில் ஊறிக் கெட்டுவிடும். மாகுரா போன்ற சில நிறுவனங்களின் கிளட்ச்சுகள் மினரல் ஆயிலில் இயங்குகின்றன. அங்கே நிலைமை தலைகீழ், டாட் 4 ஊற்றினால் சீல் போய்விடும்.

18 ஜூன், ஞாயிறு

எல்லாம் பொருத்தியாயிற்று. ஆயில் குழாயைச் சிலிண்டரோடு இணைக்கும் துளையுள்ள பேஞ்சோ போல்ட் வாங்கும்போது மரையைப் பார்க்க வேண்டும்: பிரெம்போ வகைக்கு எம்10×1.0, ஜப்பானிய வகைக்குப் பெரும்பாலும் எம்10×1.25. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். இரண்டு சுற்று ஏறிய பிறகுதான் இறுகும், அதையும் மீறித் திருகினால் அலுமினிய மரை போய்விடும்.

ஆர்மின் பழைய திருப்பு ஸ்பிரிங்கை நீக்கிவிட்டேன். அது ஆர்மை இழுத்துப் பிடித்தால், ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளியை நிரப்புவதிலேயே லீவர் ஓட்டம் வீணாகும். பதிலாக ஸ்லேவுக்குள், ஆர்ம் உள்ளே தொட்டு நிற்கும் அளவுக்கு மட்டும் பலமுள்ள மெல்லிய ஸ்பிரிங்.

19 ஜூன், திங்கள்

குழாயில் சிக்கிய காற்றை, மேலிருந்து லீவரை அமுக்கி அமுக்கி எடுப்பது இங்கே பொறுமையைச் சோதிக்கும் வேலை. காற்று மேலே போகப் பார்க்கும், நாம் அதைக் கீழே தள்ளப் பார்ப்போம். எனவே ஸ்லேவின் பிளீடர் நிப்பிளில் (காற்றை வெளியேற்றும் சிறு திறப்பு) சிரிஞ்சைப் பொருத்திக் கீழிருந்தே ஆயிலை ஏற்றினேன். மாஸ்டர் கிண்ணத்தின் அடியிலுள்ள துளையில் குமிழிகள் கொத்தாக வந்து, பிறகு ஒவ்வொன்றாகி, நின்றன. மூடியைத் திறந்தபடியே லீவரை மெதுவாகத் தொட்டால், துளை மூடும் முன்பாக ஆயிலின் மேற்பரப்பில் ஒரு சிறு துள்ளல் எழுகிறது. அந்தத் துள்ளல் தெரிய வேண்டும். லீவர் திருகை அதிகம் இறுக்கி, ஓய்விலேயே துளை மூடியிருந்தால், எஞ்சின் சூட்டில் விரியும் ஆயிலுக்குப் போக்கிடம் இல்லாமல் அது பிஸ்டனைத் தள்ளும். கிளட்ச் தானாக வழுக்கும்.

தராசு இப்போது 3.4 கிலோ காட்டுகிறது. மொத்த விகிதம் 5-லிருந்து 5.9-க்கு (லீவரில் 5.6, அதை ஸ்லேவ்–மாஸ்டர் பரப்பு விகிதம் 1.06-ஆல் பெருக்கினால்) ஏறியிருப்பதால், குறைந்த 1.8 கிலோவில் ஏறக்குறைய 0.6 வெறும் நெம்பு லாபம். அதற்கு விலையாக விரல்கள் கூடுதல் தூரம் இழுக்கின்றன. மீதி 1.2 கிலோதான் ஹைட்ராலிக்கின் உண்மையான சம்பாத்தியம்.

25 ஜூன், ஞாயிறு

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு, நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், பாதி வழி மழை. முதல் கியரில் பாதிக் கிளட்ச்சில் லாரிக்குப் பின்னால் ஏறும்போதும் லீவர் பிடிக்கும் இடம் மாறவில்லை. கேபிளில் சூடேறினால் அது எப்போதும் நகர்ந்துகொண்டே இருக்கும். குறை ஒன்று உண்டு: கேபிளில் கைக்குத் தெரிந்த அந்தச் சின்ன நறநறப்பு, பிளேட்டுகள் கடிக்கத் தொடங்கும் அறிகுறி, இதில் மழுங்கிவிட்டது. மேட்டில் நின்று கிளம்புவதற்கு இன்னும் பழக வேண்டியிருக்கிறது.

16 ஜூலை, ஞாயிறு

ராடு சீலைச் சுற்றி ஈரம் இல்லை. பாலிஷ் செய்த ராடில் விரலை ஓட்டினால் தூசி மட்டும் வருகிறது. அதற்கு ஒரு ரப்பர் உறை போட வேண்டும். டாட் 4 காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவதால், முன் பிரேக் ஆயிலை மாற்றும்போதே இதையும் மாற்றுவதாகக் குறித்து வைத்திருக்கிறேன்.

நெடும்பயணத்துக்கு மட்டும் பழைய லீவரும் கேபிளும் பையில் வரும். கேபிள் அறுந்தால் எந்த ஊர் மெக்கானிக்கும் வண்டியை ஓட்ட வைத்துவிடுவார், 14 மி.மீ. ஈபிடிஎம் சீல் கேட்டால் அவர் எங்கே போவார்?