அதே கிளாஸ் ஏதான், சார்வாள்

"அதே கிளாஸ் ஏதான் சார்வாள், ஒண்ணும் மாத்தல." எங்கள் பள்ளிக்கூட சார்வாளுக்கு நான் செய்துகொடுத்த ஆம்ப்ளிஃபயரைப் பற்றி அவரிடம் சொன்ன பதில் இது. இதில் முதல் பாதி பொய்யில்லை. இரண்டாம் பாதியைத்தான் நாலு மாசமாக மனசுக்குள் உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

சர்க்யூட் பழசு. ஜான் லின்ஸ்லி ஹூட் 1969இல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் போட்டது. ஒரு சேனலுக்கு நாலே டிரான்சிஸ்டர், எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு 27 வோல்ட், 1.2 ஆம்பியர். கிளாஸ் ஏ என்றால் பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் கரண்டை, இதில் சேனலுக்கு 32 வாட்டை, இழுத்துக்கொண்டே இருக்கும். ஸ்பீக்கருக்குப் போவது பத்து வாட். நான் மைக் செட் ரிப்பேரில் பழகியவன். கோயில் கொடையில் ராத்திரி முழுக்க அலறிய ஆம்ப்ளிஃபயர்தான் எனக்குத் தெரிந்த சூடு. இது நேர்மாறு, சும்மா இருக்கும்போதுதான் அதிகம் கொதிக்கும்.

சார்வாளுக்குக் காருகுறிச்சியார் நாகஸ்வரம் என்றால் உயிர். "ஊதுத மூச்சு கேக்கணும்லே" என்று சொல்லித்தான் செய்யச் சொன்னார். காருகுறிச்சியார் 1964இலேயே போய்விட்டார். அவரையும் அஞ்சு வருஷம் பிந்தி வந்த இந்த சர்க்யூட்டையும் முடிச்சுப் போட்டது எங்கள் சார்வாள்தான்.

சித்திரை வெயிலில் பாளையங்கோட்டை வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். அரை மணி நேரத்தில், சூட்டை வெளியே கடத்தும் அலுமினியத் தகடான ஹீட் சிங்க்கில் வைத்த விரலை மூணு எண்ணுவதற்குள் எடுக்க வேண்டியிருந்தது. "என்னலே, பாட்டே போடல, இப்படிக் கொதிக்கு?" என்றார். "அதுதான் இதோட குணம்" என்றேன். ஆச்சி மட்டும், "பேரப்பிள்ளைய கைய வச்சிட்டா என்ன செய்ய?" என்று கேட்டார்.

கடைக்குத் தூக்கி வந்து, டிரைவர் டிரான்சிஸ்டருக்குக் கரண்ட் கொடுக்கும் ரெசிஸ்டரின் மதிப்பைக் கூட்டி, இழுக்கும் கரண்டைக் குறைத்தேன். மீட்டரில் 0.6 ஆம்பியர். சூடு பாதியாக அடங்கிவிட்டது. பத்து வாட்டும் போய்விட்டது. ரெண்டு வாட் சுமாருக்குக் கிளாஸ் ஏதான், அதற்கு மேல் வால்யூமைத் திருகினால் சத்தம் தெளிவாக வராது. ஆனால் வீட்டுக் கூடத்தில் அதற்கு மேல் யார் திருகப் போகிறார்கள்?

திருப்பிக் கொடுத்தபோது தொட்டுப் பார்த்தார். "சூடு கொறஞ்சிருக்கே, என்னலே செஞ்சே?" அப்போதுதான் அந்தப் பதில். கூலிக்கு மேல் ஐநூறு கொடுத்தார், வாங்கிக்கொண்டேன்.

பிள்ளைகளுக்காகத்தான் செய்தேன் என்று நினைத்தால் தூக்கம் வருகிறது. ஆனால் பிள்ளைகளுக்காக என்றால் பெரிய ஹீட் சிங்க் அல்லவா போட்டிருக்க வேண்டும்? கேபினெட்டுக்கு அளவாக, விலைக்கும் அளவாகச் சின்னது போட்டது நான். அதைச் சொல்லியிருந்தால் சார்வாளுக்கு ரெண்டு நிமிஷத்தில் விளங்கியிருக்கும். ஒன்பதாம் வகுப்பில் எனக்கு ஓம் விதி சொல்லித்தந்தவரே அவர்தான். விளங்கிவிடும் என்பதால்தான் சொல்லவில்லையோ என்னவோ.

அவர் காதுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் "பத்து வாட் கிளாஸ் ஏ, நம்ம பையன் செஞ்சது" என்கிறாராம். காதுக்குத் தெரியாத குறை குறைதானா என்று அவரிடமே கேட்கலாம். கேட்டால் சொல்வார்.

போன வாரம் போன் வந்தது. அம்பாசமுத்திரத்தில் இருக்கும் மச்சினருக்கும் ஒன்று வேண்டுமாம். "அதே மாதிரி செஞ்சிருலே, ஒண்ணும் மாத்தாத." டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வைத்துவிட்டேன். ஹீட் சிங்க் இன்னும் வாங்கவில்லை.