சீமுர்க்: முப்பது பறவைகளா, ஒரு பருந்தா?

பாரசீகப் பெரும்பறவையான சீமுர்க்கின் பெயருக்கு 'முப்பது பறவைகள்' என்பதே பொருள் என்று நானும் நெடுங்காலம் நம்பியிருந்தேன். பாரசீகத்தில் 'சீ' என்றால் முப்பது. 'முர்க்' என்றால் பறவை (நம் ஊர் உணவகங்களின் விலைப்பட்டியலில் கோழிக்கறியின் பெயராக அமர்ந்திருப்பதும் இதே முர்க்தான்). 12ஆம் நூற்றாண்டில் பிறந்த சூஃபிக் கவிஞர் அத்தார், தம் அரசனான சீமுர்க்கைத் தேடிப் புறப்பட்ட பறவைகளுள் இறுதிவரை எஞ்சிய முப்பதும் தாமே அந்தச் சீமுர்க் என்று உணர்வதாகப் பாடியது இந்தச் சிலேடையை வைத்துத்தான்.

சிலேடை அழகானது, சொற்பிறப்போ வேறு. பழைய ஈரானிய மொழியான அவெஸ்தாவில் இப்பறவையின் பெயர் 'மெரெகோ சயேனோ', அதாவது சயேனப் பறவை. அது இடைக்காலப் பாரசீகத்தில் 'சேன்முர்வ்' ஆகி, பின்னர் சீமுர்க் எனத் திரிந்தது. சயேனத்துக்கு இணையான வடசொல் 'ச்யேன'. ரிக் வேதத்தில் வானிலிருந்து சோமத்தைக் கவர்ந்து வரும் பருந்து அதுவே. அந்த வடசொல்தான் 'சேனம்' என்று தமிழிலும் பருந்தைக் குறிக்கிறது. ஆக, அல்போர்ஸ் மலையில் கைவிடப்பட்ட குழந்தை ஸாலைச் சீமுர்க் எடுத்து வளர்த்ததாகப் பாரசீகக் காவியமான ஷாநாமா சொல்லும்போது, அந்தப் பெயரின் முதற்பாதி நம் அகராதிகளிலும் இருக்கும் சொல்தான்.