எர்ஹுவுக்கு ஒரு கான்செர்டோ எழுதப் போய்...

வயலின் வாசிப்பேன், எர்ஹு என்ற சீனத்து இரண்டு கம்பி வாத்தியமும் வில் வாத்தியம்தானே என்ற தைரியத்தில், சிங்கப்பூரில் ஓர் அமெச்சூர் சீன இசைக்குழுவுக்குக் கான்செர்டோ, அதாவது ஒரு தனி வாத்தியத்தை முன்னிறுத்திக் குழு வாசிக்கும் இசைப்படைப்பு, எழுத ஒப்புக்கொண்டேன். முதல் சந்திப்பிலேயே தனி எர்ஹு வாசிப்பவர் மூன்றாம் பக்கத்தைத் தொட்டு, "இதை எப்படி வாசிப்பது?" என்றார். இரண்டு கம்பிகளும் சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். எர்ஹுவிலோ வில்லின் மயிர் இரண்டு கம்பிகளுக்கும் நடுவே ஓடுகிறது. ஒரு பக்கம் உரசினால் உள்கம்பி, மறுபக்கம் உரசினால் வெளிக்கம்பி. வயலின் மாதிரி இரட்டை நாதம் அதற்குச் சரிப்படாது. அன்றிரவே அந்த இடங்களையெல்லாம் அடித்து நீக்கினேன்.

அடுத்த தவறு சுருதி. இரண்டாம் பகுதியை டி ஃபிளாட் மேஜரில் வைத்திருந்தேன். எர்ஹுவின் கம்பிகள் டி, ஏ. அந்த ஸ்கேலில் இரண்டுமே கிடையாது, திறந்த கம்பியே பயன்படாது. அரைச் சுரம் ஏற்றி டி மேஜராக்கியதும் உள்கம்பி ஸ, வெளிக்கம்பி ப என்று ஆகிவிட்டது. நமக்கு இதைவிட என்ன வேண்டும்!

குழுவில் பலர் மேற்கத்திய ஐந்துகோட்டு ஸ்டாஃப் குறிப்பு வேண்டாம், ஜியான்பு வேண்டும் என்றார்கள். அதில் எண்கள்தான்: 1 என்றால் ஸ, 2 என்றால் ரி, மேலே புள்ளி மேல்ஸ்தாயி, கீழே புள்ளி கீழ்ஸ்தாயி. எண்ணுக்கு அடியில் ஒரு கோடு போட்டால் கால அளவு பாதி. சுரம் எழுதிப் பழகிய கைக்கு அது அந்நியமே இல்லை, ஆனால் எல்லாருக்கும் பிரித்து எழுத மூன்று வாரம் போனது.

பெரிய தலைவலி சத்தம். சுவோனா என்ற உரத்த சீனக் குழல் ஊதினால் தனி எர்ஹு காணாமல் போகும் என்று எதிர்பார்த்தேன். உண்மையில் அதைவிட அதிகம் விழுங்கியது குழுவின் எர்ஹு வரிசைதான், அதே குரல் என்பதால். அவர்களைப் பல இடங்களில் விரலால் மீட்டச் சொல்லி எழுதினேன். 1982-இல் எர்ஹு கலைஞர் மின் ஹுய்ஃபென் வாசித்து அரங்கேறிய, இசையமைப்பாளர் லியு வென்ஜினின் நான்கு பகுதிப் பெருஞ்சுவர்க் கான்செர்டோவைப் பென்சிலோடு பலமுறை கேட்டதும் அப்போதுதான்.

அப்புறம் கமகம். ஒவ்வோர் அசைவையும் குறித்து வைத்திருந்தேன். தனி எர்ஹு வாசிப்பவர் சிரித்துவிட்டு, "சுரத்தை மட்டும் எழுதுங்கள்" என்றார். எர்ஹுவில் விரல்பலகை இல்லை. கம்பியை உள்ளே அழுத்தினாலே சுருதி ஏறும். கடைசி ஒத்திகையில் நீண்ட ரி ஒன்றை அப்படி அழுத்தி அசைத்தார். நான் எழுதி அழித்த கமகத்தை விட அது நன்றாகவே இருந்தது.