கிளாஸ் போன திசை

மாஸ்ரர் காலமான செய்தி பழைய மாணவர் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் வந்த அன்று, ஆழ்ந்த இரங்கல்களுக்கு நடுவே ஒருவர் ‘கிளாஸ்’ என்று மட்டும் எழுதியிருந்தார். மேல்மாடி விடுதியில் படுத்தவர்களுக்கு அது போதும். கீழ்விடுதிக்காரருக்காக, கவிழ்த்த கிளாசில் விரல் வைத்து நாங்கள் ஆவி கூப்பிட்ட கதையைச் செய்முறையோடு எழுதுகிறேன்.

பலகை, கரம்போர்ட்தான். தமிழ் எழுத்து 247ஐயும் அதில் ஒட்ட இடமேது? ஆங்கில எழுத்து 26 வட்டமாக, அதற்குள்ளே இலக்கம் பத்து. வலப்பக்கம் ‘ஆம்’, இடப்பக்கம் ‘இல்லை’. நாங்கள் பேசுவது ‘ஓம்’ என்றாலும், ஓம் என்று எழுதிவைத்தால் எந்த ஆவி கிட்ட வரும் என்று ஒருவர் சண்டை பிடித்ததில் ‘ஆம்’ ஆயிற்று. இந்த ஏற்பாட்டால் பள்ளிக்கூட வாசலே மிதிக்காத கிணற்றடி ஆச்சியும் இங்கிலீசில்தான் பதில் சொன்னார், அதுவும் எங்கள் எழுத்துப்பிழைகளோடு.

கிளாஸ் சின்னதாக, பாரமில்லாததாக இருக்கவேண்டும். விளிம்பை நன்றாகத் துடைத்துக் கவிழ்க்க வேண்டும். ஈரமிருந்தால் பலகையில் ஒட்டிக்கொள்ளும். கரம் பவுடர் ஒரு சிட்டிகை போதும். கூடினால் விளிம்போரம் குவிந்து தடுக்கும். நாலு பேர், ஆளுக்கொரு சுட்டுவிரல், பட்டும் படாமலும். முழங்கையைப் பலகையில் ஊன்றக்கூடாது. ஊன்றினால் கிளாஸ் அசையாது, ‘ஆவிக்கு இண்டைக்கு விருப்பமில்லை’ என்று எழும்பவேண்டியதுதான். ஐந்தாவது ஆள் கொப்பியில் எழுத்துக்களைக் குறிப்பார். ஆவியை வழியனுப்பிக் கிளாஸ் நடுவுக்கு வரும்வரை விரலை எடுக்கக்கூடாது என்பது சட்டம். மெழுகுதிரி அணைந்தால் ஆவி என்றார்கள். உடைந்த யன்னல் கண்ணாடியைப் பற்றி யாரும் பேசவில்லை.

அந்தக் கொப்பிதான் மாஸ்ரரின் கையில் அகப்பட்டது. அவர் அடிக்கவில்லை. மறுநாள் இரவுப் படிப்பு நேரத்தில், சின்னப் பெடியள் எல்லாரையும் சுற்றிவர நிறுத்திவிட்டு, “ஆவியைக் கூப்பிடுங்கோ தம்பிமார், நானும் பாக்கவேணும்” என்றார். நாலு பேரின் கண்ணையும் லேஞ்சியால் கட்டினார். பிறகு கிளாசைப் பிடித்துக்கொண்டு பலகையைச் சத்தமில்லாமல் கால்வட்டம் திருப்பினார். ஆச்சியின் பெயரைக் கேட்கச் சொன்னார்.

கிளாஸ் தயங்காமல் ஓடியது, எழுத்துக்கள் முன்பு இருந்த இடங்களுக்கு. குறித்ததை மாஸ்ரர் உரத்து வாசித்தார். மெய்யெழுத்துக் குவியல். ஆறாம் வகுப்பு சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது.

சிரிப்பு அடங்கியபின் பாடம். நிற்கும் கிளாசை அசைக்க வேண்டிய விசை, ஓடும் கிளாசை ஓடவைக்கும் விசையிலும் அதிகம். நாலு விரலின் சிறு நடுக்கங்கள் ஒரே பக்கம் சேர்ந்து அந்த எல்லையைத் தாண்டியதும் கிளாஸ் சட்டென்று வழுக்கும். தள்ளியவனுக்கே தான் தள்ளியது தெரியாது. 1853இல் விஞ்ஞானி மைக்கேல் பரடே லண்டனில், சுற்றியிருந்து கை வைத்தால் மேசையை ஆவி அசைக்கும் என்ற மேசை ஆவிக்காரரை இப்படித்தான் சோதித்தாராம். கைக்கும் மேசைக்கும் நடுவே, இளகிய பசையில் நழுவும் அட்டைகள். நழுவிய விதத்தைப் பார்த்தால், முதலில் நகர்ந்தது மேசை அல்ல, கை. கை நகர்வதைக் காட்டும் முள்ளைக் கண்முன்னே வைத்ததும் மேசை நின்றுவிட்டது.

எலைஜா பாண்ட் என்பவர் 1891இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற, ஆவி கூப்பிடும் ஓஜா பலகை இங்கே டொராண்டோவில் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானோடு விற்கிறது. அதன் நகர்த்திக்கு மூன்று கால். எங்கள் கிளாஸ்போல விளிம்பு முழுக்க உராயாது. மாஸ்ரருக்கு ஒன்று அனுப்பியிருக்கலாம். ஊருக்குப் போகும்போது கொண்டுபோகலாம் என்று விட்டது.

அன்றிரவு கொப்பியைத் திருப்பித் தரும்போது ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். ‘வெளிநாடு போவமா?’ நாலு தரம் கேட்டு, நாலு தரமும் ‘ஆம்’.

“இதுக்கு ஆர் தள்ளினது?”

ஒருவரும் கை உயர்த்தவில்லை.

அந்த நாலு விரலில் ஒன்று இப்போது ஸ்கார்பரோவில், ஒன்று ஒஸ்லோவில், ஒன்று ஹரோவில். ஊரில் நின்றவர்தான் செத்தவீட்டுக்கு எங்கள் எல்லாருடைய பெயரையும் எழுதிய மலர்வளையத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார்.