பூட்டு திறந்தது, மணி அடிக்கவில்லை

நாள் 0

அலமாரியில் பழைய போன் ஒன்று கிடந்தது. 2018-ல் வாங்கியது. ஸ்நாப்டிராகன் 845 சிப், 6 ஜிபி ரேம். இன்றைக்கும் ஓடத் தெம்புள்ள வண்டிதான். செய்த கம்பெனி ஆண்ட்ராய்டு 10-ஓடு கைகழுவிவிட்டது, பேட்டரியும் உப்பிப் பின்மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தது. பேட்டரி மாற்ற, பெங்களூர் அல்சூரிலிருந்து பஸ் ஏறி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்பி ரோட்டுக்குப் போனேன்.

கடைக்கார அண்ணன் ஆம்பூர்க்காரர். பக்கத்தில் நிற்பவரிடம் கன்னடத்தில் "ஸ்வல்ப தாளி" (கொஞ்சம் பொறுங்க) என்று சொல்லிவிட்டு என்னிடம் தமிழுக்குத் தாவுவார்.

"இதுக்குப் போய் 650 ரூவா செலவு பண்ணணுமா தம்பி? புதுசு வாங்கிடலாமே."

"புதுசுல நான் நெனச்சத ஏத்த விடமாட்டாங்கண்ணா. இதுல கம்பெனி போட்டத எடுத்துட்டு லீனியேஜ் ஓஎஸ் போடப்போறேன், ஆர்வலர்கள் சேர்ந்து செய்யுற ஆண்ட்ராய்டு. சயனோஜென்மாட் இருந்துச்சே, அதோட வாரிசு."

முகம் மலர்ந்துவிட்டது. 2016 டிசம்பரில் சயனோஜென்மாட் கடையை மூடும்வரை கேட்டவர்களுக்கெல்லாம் அதைப் போட்டுக் கொடுத்தவராம். அப்புறம் பழைய கதை தொடங்கியது. "சிடிஎம்ஏன்னு ஒரு பழைய நெட்வொர்க், அந்த போன் பாத்திருக்கியா? பாதிக்கு மேல சிம்மே இருக்காது. நம்பர் போனுக்குள்ளயே எழுதியிருக்கும். கம்பெனி மாத்தணும்னா போனையே தூக்கிப் போடணும். இப்ப உங்களுக்கெல்லாம் பூட்டே இல்லப்பா."

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் ஒரு மாதமாகச் சோதித்துக்கொண்டிருக்கிறேன்.

நாள் 1 முதல் 8 வரை

பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் மெனு திறக்கும். அதில் ஓஇஎம் அன்லாக் என்பதை இயக்க வேண்டும். இதுவரை எளிது. அதற்கு மேல், போன் எழும்பும்போது எந்த சிஸ்டத்தை ஏற்றலாம் என்று காவல் நிற்கும் பூட்லோடரைத் திறக்கக் கம்பெனியின் அனுமதி வேண்டும். அவர்கள் தளத்தில் கணக்குத் தொடங்கி, அதைப் போனோடு இணைத்து, அவர்களுடைய மென்பொருளை ஓட்டினால் "168 மணி நேரம் கழித்து வாருங்கள்" என்கிறது. பணம் கொடுத்து வாங்கிய போன். ஏழு நாள் வாசலில் நிற்க வேண்டும், சார்பதிவாளர் அலுவலக டோக்கன் மாதிரி.

அந்த மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். என் லேப்டாப்பில் இருப்பது டெபியன் லினக்ஸ். அடியில் லினக்ஸ் கெர்னலே (சிஸ்டத்தின் கரு) ஓடும் போனைத் திறக்க ஆபீஸ் நண்பரின் விண்டோஸைக் கடன் வாங்கினேன்.

எட்டாம் நாள் திறந்தது. திறக்கும்போது போனில் இருப்பதெல்லாம் அழியும், இது பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு, நியாயமானதுதான். படங்களை முன்பே எடுத்து வைத்திருந்தேன். பழைய எஸ்எம்எஸ்களை மறந்துவிட்டேன். போனது போனதுதான்.

நாள் 9

ஒரு மாலை முழுக்க வீண். புது சிஸ்டத்தை நிறுவ முதலில் ரெக்கவரி என்ற சின்ன நிரல் வேண்டும். லேப்டாப்பிலிருந்து போனில் எழுதும் பாஸ்ட்பூட் கருவியால் அதை ஏற்றுவேன், வெற்றி என்று வரும், மறுபடி பார்த்தால் கம்பெனியின் பழைய ரெக்கவரியே உட்கார்ந்திருக்கும். மூன்றாவது முறைதான் புரிந்தது. ஏற்றிய கையோடு வால்யூம் மேல் பட்டனையும் பவரையும் சேர்த்துப் பிடித்து நேராக ரெக்கவரிக்குள் போய்விட வேண்டும். ஒரே ஒருமுறை பழைய சிஸ்டத்தை எழும்ப விட்டால், அது தன் ரெக்கவரியை எடுத்துத் திரும்ப எழுதிவிடுகிறது.

இன்னொன்று, யுஎஸ்பி 3 துளையில் பாஸ்ட்பூட் பாதியில் தொங்கியது. மேசை டிராயரில் கிடந்த பழைய யுஎஸ்பி 2 ஹப்பை நடுவில் மாட்டியதும் சரியானது.

கூகுள் செயலிகளை ஏற்றுவதா வேண்டாமா என்பதை புது சிஸ்டம் முதல்முறை எழும்புவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். வேண்டாம் என்றேன். 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டபோது, முன்கூட்டியே ஏற்றிவரும் செயலிகளை நீக்கத் தடை கூடாது என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பை நான் வீட்டு அளவில் நிறைவேற்றிக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்த நிரல் (யாரும் படித்துப் பார்க்கக்கூடிய நிரல்) செயலிகளுக்கான கடை எஃப்-டிராய்டு. அதிலிருந்து தமிழில் தட்ட இண்டிக் கீபோர்டு, வரைபடத்துக்கு ஆர்கானிக் மேப்ஸ். அல்சூர் ஏரியைச் சுற்றியுள்ள சந்துகள்கூட அதில் சரியாகவே இருக்கின்றன. ஆண்ட்ராய்டு 15 ஓடுகிறது, சூடாகவில்லை.

நாள் 10 முதல் 15 வரை

முக்கியமான இடம் இதுதான். இரண்டு சிம் வைத்திருக்கிறேன். ஒன்று பேங்க் நம்பர், அந்த நிறுவனத்துக்கு 2ஜியும் 4ஜியும் உண்டு. இன்னொன்று வீட்டு நம்பர், அந்த நிறுவனத்திடம் 2ஜியே கிடையாது. இன்டர்நெட் இரண்டிலும் பறந்தது. கிருஷ்ணகிரியிலிருந்து அம்மா வீட்டு நம்பருக்கு அடித்தபோது மட்டும் என் பக்கம் மணியே இல்லை. ராத்திரி அம்மா என் பக்கத்து வீட்டு அக்காவின் நம்பருக்கு அடித்துவிட்டார்.

"என்னடா, உயிரோட இருக்கியா? காலையிலேர்ந்து அடிக்கிறேன், தொடர்பு எல்லைக்கு வெளியேங்குது."

"போன மாத்தியிருக்கேன்மா."

"மாத்துனா மணி அடிக்கணும்ல?"

ஞாயமான கேள்வி. 4ஜியில் பேச்சுக்கென்று தனி வழி இல்லை. பேச்சும் டேட்டாவாகத்தான் போக வேண்டும், அதற்கு ஐஎம்எஸ் என்ற அமைப்பில் போன் பதிவாக வேண்டும், அதுதான் வோல்ட்டி. பதிவாகாவிட்டால் 2ஜி உள்ள சிம் கால் வரும்போது 2ஜிக்கு இறங்கிப் பிழைத்துக்கொள்ளும். 2ஜி இல்லாத சிம்முக்கு இறங்கப் படியே கிடையாது. போனின் சோதனைத் திரையைத் திறக்கும் *#*#4636#*#* அடித்துப் பார்த்தேன், ஐஎம்எஸ் பதிவாகவில்லை என்றே காட்டியது.

ஏபிஎன் என்ற நெட்வொர்க் அமைப்பை மாற்றினேன், சிம்மை இடம் மாற்றினேன். கடைசியில் குற்றவாளி, டவரோடு பேசும் மோடத்தின் ஃபர்ம்வேர். ஆண்ட்ராய்டைப் புதுப்பித்தேனே தவிர, அதற்கு அடியில் மோடத்துக்கென்று ஓடும் தனி மென்பொருள் பழையதாகவே இருந்தது. அது முழுக்க மூடியது. கம்பெனி கையெழுத்துப் போட்டுத் தந்ததைத்தான் ஏற்ற முடியும், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. அவர்கள் கடைசியாக வெளியிட்டதை ஏற்றியதும் 15-ஆம் நாள் வோல்ட்டி வந்தது. ஆக, திறந்த போனில் அம்மாவின் குரல் கேட்க மூடிய துண்டு ஒன்று தேவைப்பட்டது. அந்தக் கடைசி வெளியீடும் இல்லாமலிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அமெரிக்காவில் 2007-ல் முதல் ஐபோன் வந்தபோது ஏடி&டி நிறுவனத்தில் மட்டும்தான். பூட்டு கண்ணுக்குத் தெரிந்தது. நாம் முழுக் காசு கொடுத்து வாங்குகிறோம், எந்த சிம்மையும் போடுகிறோம், அதனால் பூட்டு இல்லை என்று நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அம்மா வைத்திருப்பது பட்டன் போன். ஒரே நிறுவனத்தின் சிம்மைத்தான் ஏற்கும். அதில் ஓடுவது கைஓஎஸ், மொசில்லாவின் பயர்பாக்ஸ் ஓஎஸ் நிரலிலிருந்து கிளைத்தது. 2014-ல் இன்டெக்ஸ் கிளவுட் எஃப்எக்ஸ் என்று 1,999 ரூபாய்க்கு வந்ததே, அதிலும் அதே பயர்பாக்ஸ் ஓஎஸ்தான். திறந்த நிரல் போன் அது என்று அப்போது எல்லோரிடமும் பெருமை பேசியவன் நான். அந்த நிரலின் பேரப்பிள்ளை பூட்டோடு அம்மா கையில் இருக்கிறது.

நாள் 18

யுபிஐ செயலி திறக்கவில்லை. "உங்கள் சாதனம் பாதுகாப்பற்றது." பூட்லோடர் திறந்திருப்பதை மோப்பம் பிடித்துவிட்டது. பல வருடமாகப் பாதுகாப்புத் திருத்தமே பார்க்காமல் கிடந்தபோது இதே போனில் இதே செயலி மறுப்பில்லாமல் ஓடியது. இந்த மாதத் திருத்தம் ஏற்றியபின் ஆபத்தாம்! மறைத்து ஏமாற்றும் வழிகள் உண்டு. பேங்க் விஷயத்தில் அந்த விளையாட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இதை எழுதும்போதும் எரிச்சல் அடங்கவில்லை.

நாள் 23, 24

சனி ஞாயிறு மழை. பழைய போன்களுக்கான லினக்ஸான போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் போட்டுப் பார்த்தேன். 2017-ல் தொடங்கியது, ஆல்பைன் லினக்ஸ் மேல் கட்டியது. ஒரு போன் பத்து வருடம் உழைக்க வேண்டும் என்பது அவர்கள் இலக்கு. ஆண்ட்ராய்டே இல்லாமல் போனில் டெர்மினல் (கட்டளை தட்டும் திரை) திறந்து மென்பொருள் தொகுப்புகளை நிறுவும்போது வந்த சந்தோஷத்தை வீட்டில் யாரிடம் சொல்வது? கேமரா இல்லை. வோல்ட்டி வரவில்லை. பேங்க் சிம் 2ஜிக்கு இறங்கிப் பேசியது, வீட்டு சிம் ஊமை. அம்மாவின் கோபத்தை நினைத்து ஞாயிறு ராத்திரியே லீனியேஜுக்குத் திரும்பிவிட்டேன்.

நாள் 31

பணத்துக்கு ஒரு வழி கிடைத்தது. *99#. பட்டன் போன்காரர்களுக்காக வைத்த யுஎஸ்எஸ்டி சேவை, அதாவது எண்ணை டயல் செய்து, திரையில் வரும் மெனுவுக்குப் பதில் தட்டுவது. செயலி வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம், பூட்லோடரை யாரும் கேட்பதில்லை. ஒரு முறைக்கு 5,000 ரூபாய் வரை அனுப்பலாம். பேங்க் நம்பர் உள்ள சிம்மிலிருந்து அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மார்க்கெட் பக்கத்து டீக்கடையில் சோதனை. இரண்டு டீ, 30 ரூபாய். அண்ணனிடம் மொபைல் நம்பர் வாங்கி *99# அடித்தேன். பணம் அனுப்ப 1. நம்பர். தொகை. குறிப்பு ஏதாவது உண்டா என்று ஒரு கேள்வி. நான் யோசித்த நேரத்தில் நேரம் முடிந்தது என்று வெளியே தள்ளிவிட்டது. இரண்டாம் முறை ரகசிய எண் வரை போய் அறுந்தது. பின்னால் மூன்று பேர் நிற்கிறார்கள். மூன்றாம் முறை போய்ச் சேர்ந்தது.

"போட்டாச்சுண்ணா."

அவர் சவுண்ட் பாக்ஸைப் பார்த்தார். அது வாயைத் திறக்கவில்லை. கியூஆரில் போட்டால்தான் அது பேசும், நான் நம்பருக்குப் போட்டிருக்கிறேன். போனை எடுத்து எஸ்எம்எஸ் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வந்துருக்கு சார். நாளையிலேர்ந்து சில்லறையா கொண்டாந்துடுங்க."