பிளஸ் டூ முடிச்சவங்க அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி இத படிங்க

எங்க தண்டையார்பேட்டை பக்கம் பிளஸ் டூ பரீட்சை எழுதிட்டு வெளிய வந்தாலே கேட்லயே ஒரு நோட்டீஸ கையில திணிக்கிறாங்க, "50 சதவீதம் ஸ்காலர்ஷிப், இன்னிக்கே சீட் புக் பண்ணுங்க"ன்னு. எங்க வீட்ல அப்பா காசிமேட்டுல ஐஸ் லோடு அடிக்கிறாரு, காலேஜ் வாசப்படி மிதிச்சவங்க யாருமே இல்ல, என் கூட படிக்கிற நெறைய பேர் வீட்லயும் இதே கததான், கேக்க ஆள் இல்லாததால அந்த நோட்டீஸ நம்பி நகைய அடகு வெக்க கிளம்பிடுறாங்க. பாக்கவே வயிறு எரியுது. அதான் டீச்சர், சீனியர் அக்காங்கன்னு எல்லார்கிட்டயும் கேட்டு எழுதுறேன்.

கவர்மென்ட் சலுகைல பெரிய தொகையெல்லாம் நம்ம எந்த வழியா சீட் வாங்குறோம்ங்கிறத வெச்சுதான் வருது. முதல் பட்டதாரி சலுகையவே எடுத்துக்கோங்க, தனியார் இன்ஜினியரிங் காலேஜ்ல டியூஷன் ஃபீஸ்ல வருஷத்துக்கு 25,000 ரூபா குறையும், ஆனா மார்க் வரிசைப்படி கவர்மென்ட்டே சீட் ஒதுக்குற கவுன்சிலிங்ல போய் கவர்மென்ட் கோட்டால சேர்ந்தாதான். அதே காலேஜ், அதே குரூப்தான், ஆனா அவசரப்பட்டு, காலேஜே நேரடியா சீட் தர்ற மேனேஜ்மென்ட் கோட்டால சேர்ந்துட்டா இது கிடையாது. வருமானம் இரண்டரை லட்சத்துக்குள்ள இருக்குற எஸ்சி, எஸ்டி பசங்களுக்கு வர்ற போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்பும் மேனேஜ்மென்ட் சீட்டுக்கு இல்ல. நோட்டீஸ்ல இத ஒரு வரி கூட போட மாட்டாங்க.

ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சிருந்தா 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கு, கார்ப்பரேஷன் ஸ்கூலும் இதுல சேர்த்திதான். இதுல இன்ஜினியரிங் சீட் கெடச்சா டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ் எல்லாம் கவர்மென்ட்டே கட்டும். எய்டட் ஸ்கூல் பசங்களுக்கு இது வராது, நம்ம ஏரியால எய்டட் ஸ்கூல் ஜாஸ்தி, அதனால நல்லா விசாரிச்சுக்கோங்க. பொண்ணுங்களுக்கு மாசம் 1,000 ரூபா தர்ற புதுமைப் பெண் திட்டத்த 2022 செப்டம்பர் 5 நம்ம பாரதி மகளிர் கல்லூரிலதான் ஆரம்பிச்சாங்க, அது இப்போ எய்டட் ஸ்கூல்ல தமிழ் மீடியம் படிச்ச பொண்ணுங்களுக்கும் உண்டு. பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன். சாதா பஸ்ல பொண்ணுங்க நமக்கு டிக்கெட் காசு இல்ல, அதனால அந்த ஆயிரம் அப்படியே புக்கு, பரீட்சை ஃபீஸுக்கு ஆகும்.

சர்டிபிகேட்டெல்லாம் ரிசல்ட்டுக்கு முன்னாடியே எடுத்து வெச்சுடுங்க. முதல் பட்டதாரிக்கு இ-சேவைல அப்ளை பண்ணப்போ அந்த அக்கா "உங்க ஆயா, தாத்தா படிப்பு என்னா பாப்பா"ன்னு கேட்டாங்க, அப்பா வழி மட்டும் இல்ல, அம்மா வழியும். கூடப் பொறந்தவங்க டிசி, ரேஷன் கார்டு எல்லாம் ஸ்கேன் பண்ணாங்க. அப்பா பேரு ஆதார்ல ஒரு மாதிரி, என் மார்க் ஷீட்ல ஒரு மாதிரி இருந்தா அங்கயே நின்னுடும், அத மொதல்ல சரி பண்ணிடுங்க. ஒரு குடும்பத்துல ஒருத்தருக்குதான் இந்த சலுகை, அண்ணன் ஏற்கெனவே வாங்கியிருந்தா தங்கச்சிக்கு கிடையாது. வருமானச் சான்றிதழ் வருஷா வருஷம் புதுசா எடுக்கணும்.

அப்புறம் பேங்க் அக்கவுண்ட். பாஸ்புக்ல ஆதார் நம்பர் ஏத்திட்டோம்னு விட்டுடாதீங்க, டிபிடிக்கு, அதாவது கவர்மென்ட் பணம் நேரா அக்கவுண்ட்ல விழறதுக்கு, ஆதார் இணைப்பு (சீடிங்) ஆகியிருக்கான்னு தனியா கேளுங்க. ரெண்டு அக்கவுண்ட் இருந்தா கடைசியா எதுல சீடிங் ஆச்சோ அதுலதான் பணம் விழும். எங்க தெரு அக்கா ஒருத்தங்களுக்கு பணம் வரவே இல்லன்னு காலேஜ் ஆபீசுக்கு நடையா நடந்தாங்க, கடைசில பாத்தா எப்பவோ தொறந்து மறந்துபோன அக்கவுண்ட்ல அது பாட்டுக்கு ஏறிட்டு இருந்திருக்கு.

இதெல்லாம் போக இன்னும் பணம் துண்டு விழுந்தா கடைசியா எஜுகேஷன் லோன். நாலு லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் கேக்கக் கூடாது, கையிலேர்ந்து பங்கு போடச் சொல்லவும் கூடாது. படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சுதான் திருப்பிக் கட்டணும், ஆனா வட்டி முதல் நாள்லேர்ந்தே ஓடிட்டுதான் இருக்கும். வருமானம் நாலரை லட்சத்துக்குள்ள இருந்தா அந்த வட்டிக்கு சென்ட்ரல் கவர்மென்ட் மானியம் இருக்கு, எல்லா கோர்ஸுக்கும் இல்ல, அதனால லோன் பேப்பர்ல கையெழுத்து போடும்போதே மேனேஜர்கிட்ட வாயத் தொறந்து கேட்டுடுங்க.